பேயின் மொழியும் பெயர்ப்போர் பொறுப்பும்: பேயோட்டு ஆவணப்படங்கள் குறித்த மொழியியல் திறனாய்வு

1. முன்னுரை

பேய்பிடித்தல், பேயோட்டுதல் ஆகியவற்றை மானிடவியலாரும் மனநல மருத்துவரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின் இந்நிகழ்வுகளை 'உண்மை நிகழ்ச்சி' என்ற உரிமையுடன் படம்பிடித்துக் காட்டும் ஆவணப்படங்கள் மொழியியலாரின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. இப்படங்கள் பார்வையாளர் முன் வைக்கும் சான்றுகளுள் பெரும்பகுதி மொழி சார்ந்ததாகும். குரல் மாறுகிறது, பேசும் மொழி மாறுகிறது, 'நான்' என்ற சொல் சுட்டும் ஆள் மாறுகிறது. இம்மூன்று மாற்றங்களையும் படம் எவ்வாறு கையாளுகிறது, மொழிபெயர்ப்பு வரிகள் அவற்றை எவ்வாறு வேற்றுமொழியாளரிடம் கொண்டு சேர்க்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வில்லியம் பிரீட்கின் இயக்கிய 'சாத்தானும் அமோர்த் பாதிரியாரும்' (2017) என்னும் படம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதன்வழிப் பெறப்படும் முடிவுகள், தமிழும் மலையாளமும் அன்றாடம் கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளை மனத்திற்கொண்டு சீர்தூக்கப்படுகின்றன.

2. படமும் அதன் சான்றுகளும்

பிரீட்கின் (1935–2023) 1973இல் வெளிவந்த 'எக்சார்சிஸ்ட்' என்னும் கதைப்படத்தின் இயக்குநர். அப்படத்தில் பேயின் குரல், சிறுமியாக நடித்த லிண்டா பிளேரின் குரலன்று; மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற முதிர்ந்த நடிகை தந்த குரலாகும். ஓருடலில் இருகுரல் என்னும் உத்தி அங்கிருந்தே உலகத் திரைப்படங்களில் பரவியது எனலாம். நாற்பதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2016 மே 1ஆம் நாள், உரோமாபுரியில் கபிரியேலே அமோர்த் என்ற கத்தோலிக்கக் குருவானவர் ஓர் இத்தாலியப் பெண்ணுக்கு நடத்திய பேயோட்டுச் சடங்கை அவ்வியக்குநர் படம்பிடித்தார். விளக்குகளோ துணைக்குழுவோ இன்றி, ஒரு சிறு கருவியால் அக்காட்சி பதிவு செய்யப்பட்டது. அன்று அமோர்த்திற்கு 91 அகவை நிறைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் காலமானார். அப்பெண்ணுக்கு நடந்த ஒன்பதாவது சடங்கு அது என்று படம் கூறுகிறது.

பின்னர் இயக்குநர் இப்பதிவை மூளை அறுவை மருத்துவர்கள், மனநல மருத்துவர்கள், சாத்தான் பற்றிய கருத்தாக்கத்தை ஆராய்ந்த வரலாற்றறிஞர், ஆயர் ஆகியோரிடம் காட்டியும் விவாதித்தும் கருத்துக் கேட்கிறார். மூளை பற்றியும் மனம் பற்றியும் இறைமை பற்றியும் வினாக்கள் எழுப்பப்படுகின்றன. பேச்சைப் பற்றிய வினா மட்டும் அதற்குரிய துறையினரிடம் கேட்கப்படவில்லை. ஆயினும் பார்வையாளரை அச்சுறுத்துவது பெண்ணின் பேச்சொலியே. கரகரத்துத் தாழ்ந்து, பல குரல்கள் ஒருங்கே எழுவது போன்ற ஒலி அது. படம் வெளிவந்தபோது, ஒலி செயற்கையாக மாற்றப்பட்டதோ என்ற ஐயத்தைத் திறனாய்வாளர் சிலர் எழுப்பினர். அந்த ஐயம் ஒருபுறம் நிற்க, ஒலி மாற்றப்படவில்லை என்றே கொண்டாலும் அதனால் நிறுவப்படுவது யாது என்பதே மொழியியலார் எழுப்பவேண்டிய வினாவாகும்.

குரல்நாண்களுக்கு மேலே அமைந்துள்ள பொய்க் குரல்நாண்களையும் சேர்த்து அதிரச் செய்தால், இயல்பான சுருதிக்கு மிகத் தாழ்ந்த, முரட்டு ஒலி பிறக்கும். திபேத்தியத் துறவியரின் ஓதுமுறையிலும் மங்கோலியத் தொண்டைப்பாட்டிலும் மேலை நாட்டு வன்னிசைப் பாடகரிடத்தும் இவ்வொலிப்புமுறை காணலாகின்றது. பயிற்சியாலும் உணர்ச்சி மிகுதியாலும் மாந்தர் தொண்டை எழுப்பக்கூடிய ஒலியே அது. எனவே, குரல் மாற்றம் என்பது ஒலிப்புமுறை மாற்றத்திற்குச் சான்றாகுமேயன்றி, பேசுவோர் மாற்றத்திற்குச் சான்றாகாது. இவ்வெளிய உண்மையைச் சொல்ல ஒரு பேச்சொலியியலார் போதும். அவர் இல்லாமையால், ஒலி விளக்கம் பெறாத அதிசயமாகவே படத்தில் நின்றுவிடுகிறது.

3. கல்லாமொழி என்னும் சான்று

1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல், பேய்பிடித்தமைக்குரிய அறிகுறிகளாகச் சிலவற்றைக் கூறுகிறது. அறியாத மொழியைப் பேசுதல் அல்லது விளங்கிக்கொள்ளுதல், மறைபொருளை அறிவித்தல், வயதுக்கும் உடல்நிலைக்கும் மீறிய வலிமை காட்டுதல் என்பன அவை. அவற்றுள் முதலாவது மொழி சார்ந்ததாக இருத்தல் நோக்கத்தக்கது. சமயம் தந்த இவ்வளவுகோலை, அமானுட நிகழ்வுகளை ஆராய்வதாகக் கூறும் படங்கள் அறிவியல் அளவுகோல் போன்றே ஏற்றுக்கொண்டுள்ளன.

இவ்வளவுகோலை மொழியியலார் சோதித்ததுண்டு. இயன் ஸ்டீவன்சன் 1984இல் வெளியிட்ட நூலில், நாகபுரியில் வாழ்ந்த மராத்தியப் பெண்ணொருவர் தம்மை மறந்த நிலையில் வங்கமொழி பேசியதை விரிவாகப் பதிவு செய்தார். அப்பெண் முன்னரே வங்க எழுத்தை ஓரளவு கற்றிருந்தார் என்பது அப்பதிவிலேயே உள்ளது. ஸ்டீவன்சன் முன்வைத்த பிற நேர்வுகளை ஆராய்ந்த சாரா தாமசன் என்ற மொழியியலார், அங்கெல்லாம் வெளிப்பட்ட சொற்றொகை மிகச் சிறிது என்பதையும், விடைகள் பெரும்பாலும் ஓரிரு சொற்களே என்பதையும், வினாக்களே விடைகளைத் தூண்டின என்பதையும் எடுத்துக்காட்டினார். ஒரு மொழியை 'அறிதல்' என்பது அதன் ஒலியமைப்பையும் தொடரமைப்பையும் புதிய சூழலில் கையாளும் திறன் என்பது அவருடைய ஆய்வு உணர்த்தும் பாடமாகும்.

செருமனியில் அன்னலீசு மிசேல் என்ற மாணவி தொடர்ந்த பேயோட்டுச் சடங்குகளுக்குப் பின் 1976 சூலை 1ஆம் நாள் உணவின்றி மெலிந்து இறந்தார். 67 அமர்வுகள் நடந்தன. அவற்றுள் பல ஒலிநாடாக்களில் பதிவாயின. பெற்றோரும் இரு குருமாரும் 1978இல் நீதிமன்றத்தால் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அந்நாடாக்களில் நீரோ, யூதாசு முதலான பெயர்களில் பேசிய 'பேய்கள்' பெரும்பாலும் அவரறிந்த செருமன் மொழியிலேயே பேசின. உரோமைப் பேரரசனும் பாலத்தீன நாட்டவனும் ஒருபெண்ணின் தாய்மொழியில் பேசுவதைச் சடங்கு நடத்தியோர் ஐயுறவில்லை. அந்நாடாக்களை ஆராய்ந்து 1981இல் நூல் எழுதிய பெலிசிட்டாசு குட்மன் மொழியியலிலும் மானிடவியலிலும் பயிற்சி பெற்றவர். அந்நியபாடை பேசும் சமயக் குழுவினரிடம் தாம் முன்னர் பதிவுசெய்த இசைப்போக்குடன் இப்பேச்சினை ஒப்பிட்டு, இதனைத் தன்னிலை இழந்த மனநிலையின் வெளிப்பாடாகக் கண்டார். மருத்துவம் பற்றிய அவருடைய முடிவுகள் ஏற்புடையன அல்ல என்று கருதுவோர் உளர். எனினும், பேச்சைப் பேச்சாகவே கேட்ட முயற்சி என்ற அளவில் அது முன்மாதிரியாகும்.

4. அண்டைமொழி பேசும் பேய்

பேய் எந்த மொழி பேசும் என்பது தற்செயலானதன்று. யாழ்ப்பாணத் தமிழரான மானிடவியலறிஞர் ஸ்டான்லி செயராச தம்பையா, 'சொற்களின் மந்திர ஆற்றல்' என்ற தலைப்பில் 1968இல் வெளியிட்ட கட்டுரையில் சிங்களப் பேயோட்டுச் சடங்கின் மொழியமைப்பை ஆராய்ந்தார். அச்சடங்கில் மந்திரம், கன்னலவ்வ, கவிய என மூவகை மொழிநடைகள் உள. பின்னிரண்டும் கூடியிருப்போர்க்கு விளங்கும் சிங்களத்தில் அமைய, மந்திரம் மட்டும் தமிழ், பாலி, வடமொழி முதலிய பல மொழிகள் விரவியதாக அமைகிறது. அது பொருளற்ற உளறல் அன்று. பேய்களுக்கு விளங்கும் மொழி என்று கருதப்படும் மொழி என்பது தம்பையாவின் விளக்கம். தன் சமூகத்தார்க்கு விளங்காததும் பேய்க்கு விளங்குவதுமான மொழியைத் தேடும்போது, கைக்கெட்டும் தொலைவில் இருப்பது அண்டையார் மொழியாகவே உள்ளது.

இதே விதி திரைப்படத்திலும் செயற்படுகிறது. ஆலப்புழைப் பகுதியின் ஆலும்மூட்டில் குடும்பத்தில் நிகழ்ந்த துன்பியல் நிகழ்ச்சியைத் தழுவியதாகக் கூறப்படும் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்ற மலையாளப் படத்தில், தலைவியின் உடலில் தோன்றும் நாகவல்லி தஞ்சையிலிருந்து வந்த ஆடல்மகள். அவள் பேசுவது தமிழ். அத்தமிழ்ப் பகுதிக்கு வேறொரு கலைஞர் குரல் கொடுத்ததைப் படத்தின் இயக்குநர் பாசில் பல ஆண்டுகளுக்குப் பின் தெரிவித்தார். அக்கதை கன்னடத்தில் 'ஆப்தமித்திரா' (2004) ஆனபோதும், தமிழில் 'சந்திரமுகி' (2005) ஆனபோதும் ஆவியின் மொழி தெலுங்காயிற்று. இந்தியில் 'பூல் புலையா' (2007) ஆனபோது அது வங்கமாயிற்று. கதை இடம்பெயரும்போதெல்லாம் ஆவியும் மொழிபெயர்கிறது. ஒவ்வொரு முறையும் அது பார்வையாளருக்கு ஒருபாதி விளங்கும் அயல்மொழியில் சென்று அமர்கிறது. முற்றும் விளங்காத மொழியாயின் அச்சம் பிறவாது. முற்றும் விளங்குமாயின் அயன்மை பிறவாது.

கதைப்படத்தில் இது கலையுத்தி, குறைகூற இடமில்லை. ஆவணப்படத்தில் இதே எதிர்பார்ப்பு சான்றாக மாறும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்திலும் தமிழ் தாய்மொழியாக வழங்குகிறது. தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழியினர் வீட்டில் தமிழும், அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் மலையாளமும் பேசுகின்றனர். ஒரே உரையாடலில், ஒரே தொடரிலும் கூட, இருமொழியும் மாறிமாறி வருதல் அங்கு இயல்பு. அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகியோரின் தாய்மொழிகளும் இவற்றோடு சேர்கின்றன.

இத்தகைய சூழலில் மலையாளப் பள்ளியில் பயிலும் ஒருபெண் கடும் மனவழுத்தத்தின்போது தமிழுக்குத் தாவுவாளாயின், 'அறியாத மொழி பேசினாள்' என்று ஒரு பின்னணிக் குரல் கூறிவிடுதல் எளிது. நாகவல்லியைக் கண்டு பழகிய செவிகள் அதனை நம்பிவிடுதலும் எளிது. ஆனால் அவள் பேசியது பேயின் மொழியன்று, பாட்டியின் மொழி. பெரும்பான்மையோர்க்குப் பேய்மொழியாகத் தோன்றுவது சிறுபான்மையோர்க்கு வீட்டுமொழியாக இருக்கும் இடத்தில், மொழிமாற்று பற்றிய அறியாமை சிறு பிழையாக நின்றுவிடுவதில்லை. அது ஒரு மொழியினரின் பேச்சையே நோய்க்குறியாக ஆக்கிவிடுகிறது.

5. விகுதி வழங்கும் தீர்ப்பு

மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு இதனினும் நுண்ணியது. பேய்பிடித்தல் பற்றிய தமிழ்த் தொடர்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. 'அவளைப் பேய் பிடித்திருக்கிறது' என்றும் 'அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது' என்றும் இருவகையாகக் கூறுகிறோம். முதலாவதில் பேய் வினைமுதல், பெண் செயப்படுபொருள். திருடன் பிடித்ததைப் போன்றது. இரண்டாவதில் பெண் நான்காம் வேற்றுமை ஏற்று, ஒரு நிலையை நுகர்பவளாக நிற்கிறாள். 'அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது' என்பதைப் போன்றது. நோய் என்ற பார்வைக்கும் தாக்குதல் என்ற பார்வைக்கும் தமிழ் ஒருங்கே இடந்தருகிறது. ஆங்கிலமோ உடைமையாக்கிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய சொல்லால் இதனைச் சுட்டுகிறது. 'பிடித்தல்' விடக்கூடியது, உடைமையோ மீட்கப்படவேண்டியது. இவ்வேறுபாட்டை ஆங்கில வரிகள் மறைத்துவிடுகின்றன.

அடுத்து, வினைமுற்று விகுதி. தெய்வத்தைச் சுட்டும் பெயர்கள் உயர்திணைக்குரிய பால் ஈறுகளைப் பெற்று வழங்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இன்றைய வழக்கிலும் 'அம்மன் இறங்கியிருக்கிறாள்' என்கிறோம். 'பேய் ஏறியிருக்கிறது' என்கிறோம். ஆட்டமும் நடுக்கமும் விரிந்த கூந்தலும் இரண்டிற்கும் பொது. வந்தது தெய்வமா பேயா என்ற தீர்ப்பு, பல வேளைகளில், சுற்றியிருப்போர் வாயிலிருந்து வரும் விகுதியிலேயே முதலில் வெளிப்படுகிறது. இறந்த ஆணொருவனின் ஆவி என்று முடிவு செய்யப்பட்டபின் கோடாங்கி 'யாருடா நீ?' என்று கேட்கிறார். எதிரே நிற்பவள் பெண், விளியோ ஆண்பால். அந்த 'டா'வே நோயறிதலை அறிவித்துவிடுகிறது. ஆங்கில வரி 'நீ யார்' என்ற அளவில் நின்றுவிடும்.

'இவளை விடமாட்டேன்' என்று அவ்வாய் சொல்லும்போது மற்றொரு நுட்பம் உண்டு. பேசும் உடலே 'இவள்' என அண்மைச் சுட்டால் படர்க்கையாகிறது. 'அவள்' என்று வருவதில்லை. பேசுவோன் அவ்வுடலுக்கு வெளியே, ஆனால் அதனைத் தொட்டுக்கொண்டு நிற்பதாக அச்சுட்டு உணர்த்துகிறது. 'நாங்கள் போகமாட்டோம்' என்பதற்கும் 'நாம் போகமாட்டோம்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. முன்னது முன்னிலையாரை விலக்குகிறது; பின்னது அணைத்துக்கொள்கிறது. மலையாளத்தில் இவ்விரு வேறுபாடுகளையும் பேணலாம். ஆங்கிலத்தில் இரண்டும் மறையும்.

ஆயின் வினைமுற்றைப் பொறுத்தவரை நிலைமை மாறுகிறது. மலையாளம் வினைமுற்றில் பால், எண், இட வேறுபாட்டைக் கைவிட்டதை ஏ. ஆர். இராசராசவர்மா தம் 'கேரளபாணினீயம்' நூலில் 'புருஷபேதநிராசம்' எனப் பெயரிட்டு, அம்மொழி தனித்து வளர்ந்தமைக்குரிய ஆறு நயங்களுள் ஒன்றாகக் காட்டினார். 'போகமாட்டேன் என்றாள்', 'போகமாட்டேன் என்றது' என்ற இரு தமிழ்த் தொடர்களுக்கும் மலையாளத்தில் 'போவில்லெந்நு பறஞ்ஞு' என்ற ஒரே தொடர் போதும். முதலாவது பெண்ணின் மறுப்பு. இரண்டாவது பேயின் மறுப்பு. தமிழர் ஒருவர் இந்நிகழ்ச்சியை விவரிக்கும்போது ஒவ்வொரு வினைமுற்றிலும் யார் பேசியது என்று தீர்ப்பளித்தே ஆகவேண்டும். மலையாளத்தில் விவரிப்பவர் எழுவாயைத் தொகுத்து அத்தீர்ப்பினின்று விலகி நிற்கலாம். எனவே தமிழிலிருந்து மலையாளத்திற்குப் பெயர்க்கும்போது சான்று ஒன்று மறைகிறது. மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும்போது மூலத்தில் இல்லாத தீர்ப்பு ஒன்று நுழைகிறது. இரண்டாவதே பெருங்கேடு என்பது தெளிவு.

6. யாருடைய வாக்குமூலம்?

இவ்விகுதிகளால் விளைவது யாது எனின், பெண்ணின் வாக்குமூலத்தின் நிலை. பேய்பிடித்த வேளையில் வெளிப்படும் சொற்களில் கணவன் வீட்டுக் கொடுமை, விருப்பமில்லாத மணம், அடி, பசி ஆகியவை பற்றிய முறையீடுகள் இருத்தல் கூடும். வரிகளில் அவை 'பேய்' பேசியனவாகக் குறிக்கப்பட்டால், முறையீடு முறையீடாக எண்ணப்படாது. ஓட்டப்படவேண்டியதன் கூச்சலாகவே எஞ்சும்.

ஐ. எம். லூயிஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வு, அடங்கி வாழ்வோர் தம் எதிர்ப்பைத் தெரிவிக்கும் மறைமுக வழியாகப் பேய்பிடித்தலை விளக்கிற்று. இதற்கு மாறாக, தென்னார்க்காட்டுப் பகுதியில் கள ஆய்வு செய்த இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூலில், சடங்கு பெண்ணைப் பேசவிடுவதில்லை, தனக்கு வேண்டியதைப் பேசவைக்கிறது என்று வாதிட்டார். காதல் தோல்வியால் உயிர்நீத்த ஆணின் ஆவி என்ற ஆயத்தக் கதைக்குள் பம்பைக்காரர்களின் வினாக்கள் அவளைத் தள்ளுகின்றன. அவள் அவன் பெயரைச் சொல்லும்வரை வினாக்கள் ஓய்வதில்லை. பின் அவள் கூந்தற் கற்றை மரத்தில் ஆணியறையப்பட, காதலன் நீங்கி மனைவி மீள்கிறாள். முதற்கருத்தின்படி வரிகள் 'அவள் சொன்னாள்' என்றிருத்தல் வேண்டும். இரண்டாவதன்படி 'அவளைச் சொல்லவைத்தனர்' என்றிருத்தல் வேண்டும். 'பேய் சொன்னது' என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

எனினும் 'அவள் சொன்னாள்' என்று அறுதியிட்டு எழுதுவதிலும் ஓர் இடர் உண்டு. பேயின் பெயரால் பேசியதால்தான் அவளால் அதனைப் பேச முடிந்தது. சடங்கு முடிந்தபின் அச்சொற்களுக்கு அவள் பொறுப்பல்லள் என்று வீட்டார் ஏற்றுக்கொள்வது அவளுக்குக் கிடைத்த காப்பு. படம் அக்காப்பை நீக்கி, அவள் முகத்தோடும் ஊரோடும் அச்சொற்களை அவள்மேல் ஏற்றுமாயின், படக்குழு சென்றபின் அவள் அதே வீட்டில் வாழவேண்டியிருக்கும். ஆகவே இங்கு ஐயப்பாட்டைக் காத்தலே அறமாகும். அதற்கு மலையாள வினைமுற்று இயல்பாகவே துணைசெய்கிறது. தமிழில் எழுதுவோர் வினைமுற்றைத் தவிர்த்து, பேச்சை மட்டும் மேற்கோளாகத் தந்து, பேசியவர் யார் என்பதைக் காட்சிக்கே விட்டுவிடலாம்.

தமிழ் மரபு இச்சிக்கலை முன்பே எண்ணிப்பார்த்துள்ளது. அகப்பாடல்களில் தலைவியின் மெலிவுக்குக் காரணம் முருகன் அணங்கியதே எனத் தாய் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். தோழியோ உண்மை அறிந்தவள். அவள் வெறிவிலக்கி, அறத்தொடு நிற்கிறாள். தலைவியின் மானத்திற்கு இழுக்கு நேராமல், சொல்லவேண்டியதை மட்டும், சொல்லத்தக்க முறையில், கேட்கவேண்டியவரிடம் சொல்கிறாள். வேலன் உடலைப் பார்த்துத் தெய்வத்தைப் படிக்கிறான். தோழி தலைவியை அறிந்து பேசுகிறாள். பிரீட்கினின் படம் தன் பின்னணிக் குரலால் வேலனின் பணியைச் செய்கிறது. பிற்பகுதியில், தாம் படம்பிடிக்க இயலாத ஒரு சந்திப்பைத் தம் சொற்களாலேயே விவரித்து நம்பச் செய்கிறார் இயக்குநர். அங்குப் பெண்ணின் பேச்சு அறவே இல்லை, அவளைப் பற்றிய பேச்சே உள்ளது. இதற்கு மாறாக, நிலிதா வாசானி இராசத்தானின் பில்வாடாப் பகுதியில் எடுத்த 'கற்கண்கள்' (1990) என்ற படம், ஓர் இளம்பெண்ணின் சன்னதத்தை மட்டுமன்றி அவளுடைய குடும்பத்தையும் அன்றாட வாழ்வையும் சேர்த்துக் காட்டுகிறது. அவள் இயல்பாகப் பேசுவதைக் கேட்டபின்னரே அவளுடைய மாறிய பேச்சை எடைபோட இயலும் என்பதை அப்படம் உணர்த்துகிறது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. ஒன்று, குரல் மாற்றமும் மொழிமாற்றும் பேச்சொலியியலார், மொழியியலார் ஆகியோரின் ஆய்வுக்குரியன. அவர்தம் கருத்தின்றி அவற்றைச் சான்றாகக் காட்டும் படம் ஆய்வு என்ற பெயருக்கு உரியதாகாது. இரண்டு, 'அறியாத மொழி' என்ற குறிப்பை நீக்கி, எம்மொழி, எவ்வட்டார வழக்கு என்பதை வரிகளில் குறித்தல் வேண்டும். மூன்று, பேசியவர் இன்னார் என்ற தீர்ப்பை மூலப்பேச்சு வழங்காதவிடத்து மொழிபெயர்ப்பாளர் வழங்குதல் கூடாது. நான்கு, முழுப்பேச்சின் எழுத்துப்பெயர்ப்பும், அப்பெண்ணின் இயல்பான பேச்சின் ஒரு பகுதியும் ஆய்வாளர்க்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். ஐந்து, பதிவுக்குப் பின் தெளிந்த நிலையில் அவளுக்கு அவ்வரிகளை அவளறிந்த மொழியில் படித்துக்காட்டி, அவளுடைய இசைவைப் பெறுதல் வேண்டும்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. உடலைப் பிணிக்கும் சங்கிலி கண்ணுக்குத் தெரிவது, சட்டத்தால் அகற்றத்தக்கது. ஒருவர் சொல்லை அவருடையதன்று என்று பிணிக்கும் விகுதி அவ்வாறு தெரிவதில்லை. அதனைக் காணும் பயிற்சி மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டாதலின், அதனைச் சுட்டிக்காட்டும் கடமையும் அவர்களுடையதேயாகும்.